நான்கு சதுர மீட்டர்

"எடை எவ்வளவு?" என்றார் ஹென்னிங்.
பெயர்கூட இன்னும் கேட்கவில்லை.

டெம்பல்ஹோஃப், பழைய விமான ஓடுபாதை,
நவம்பர் ஞாயிறு.
விமானங்கள் நின்றுபோனதை
காற்றுக்கு யாரும் சொல்லவில்லை போலும்,
இன்னும் நேரம் தவறாமல் தரையிறங்குகிறது.

ஐம்பத்திரண்டு என்றேன்.
இரண்டு கிலோவை விழுங்கிவிட்டுத்தான்.
"தலைக்கவசம், முழங்கால் காப்பு, பலகை...
அறுபது என்று வைத்துக்கொள்வோம்"
என்று உறையின் பின்புறம் எழுதினார்.

மூன்று பைகள் திறந்து கிடந்தன.
ஆறு சதுர மீட்டர், நான்கு, இரண்டரை.

எனக்கு ஆறுதான் வேண்டும்.
செம்மஞ்சள் நிறம், பாதி விலை.
பதினோரு வருடம் ஒற்றை அறையில் இருக்கிறவளுக்குப்
பெரிதாக ஒன்றை வாங்கும் ஆசை வராதா?

அவர் கட்டைவிரல் அளவுக் காற்றுமானியைத் தூக்கிப் பிடித்தார்.
பதினாறு நாட். வீச்சு வந்தால் இருபத்தொன்று.
"இன்றைக்கு ஆறை நீங்கள் ஓட்ட மாட்டீர்கள்,
அது உங்களை ஓட்டும்."

கடலில் போகிறவர்களுடையது வேறு ரகமாம்.
விளிம்பில் குழாய், பம்ப் வைத்து ஊத வேண்டும்,
நீரில் விழுந்தாலும் மிதந்துகொண்டு காத்திருக்கும்.
இது தரைக்கானது. எலும்பே இல்லை.
முன்விளிம்பு நெடுக வாய்கள், இருபத்திரண்டு எண்ணினேன்.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது
இந்தத் துணிக்கும் தெரிந்திருக்கிறது:
குடிக்கக் குடிக்க எழுந்து நின்றது.

"வானத்தைக் கடிகாரமாக நினையுங்கள்.
பன்னிரண்டில் பட்டம் சாது.
ஒன்பதில், மூன்றில், விளிம்போரம், அவ்வளவாக இழுக்காது.
முள் பொருத்திய நடுப்புள்ளி இருக்கிறதே,
அங்கேதான் எல்லா இழுவையும்."

இரவுப் பணியில் பார்சல் பிரிக்கிறவள் நான்.
எந்த மணிக்கு எவ்வளவு பாரம் வரும் என்று
எனக்குத் தெரியும்.

தெரியவில்லை.

நான்கைத்தான் கொடுத்தார். பலகைகூட இல்லை,
நின்றபடி.
ஒரு வீச்சு வந்தது, பட்டம் நடுவில் பாய்ந்தது,
குதிகால் முதலில், பிறகு முழங்கால்,
பிறகு கான்கிரீட்.
"லோஸ்லாசன்! லோஸ்லாசன்!"
அந்தச் சொல் எனக்குத் தெரியும்,
மொழித் தேர்வில்கூட எழுதியிருக்கிறேன்.
கைகள்தான் இன்னும் ஜெர்மன் படிக்கவில்லை,
இன்னும் இறுக்கிப் பிடித்தன.
விடுடீ என்று யாராவது கத்தியிருந்தால்
அங்கேயே விட்டிருப்பேன்.

விட்டேன், கடைசியில்.
மணிக்கட்டுப் பட்டை பின்கயிறுகளைச் சுண்ட,
கல்யாணம் முடிந்த பந்தல்போல்
சரிந்து விழுந்தது பட்டம்.

மூக்கு ஒழுக உட்கார்ந்து
எந்தத் திசைக் காற்று என்று கேட்டேன்.
மேற்கு என்றார்.
மேற்கிலிருந்து வருவதற்கு எங்கள் மொழியில்
கோடை என்று பெயர், என்றேன்.
"ஸோமர்?"
ஏழு டிகிரி. அவர் சிரித்து முடிக்க
நேரமானது.

நான்கை வாங்கினேன்.
இரண்டரையைச் சும்மா கொடுத்தார்.
சிறிதென்று யாரும் தொடுவதில்லையாம்,
காற்று பெருகப் பெருகப்
பட்டம் சிறுக்க வேண்டும் என்பதை
விலைப்பட்டியல் பார்த்து வருகிறவர்கள் நம்புவதில்லையாம்.
செம்மஞ்சள் ஆறைத் தானே தோளில் போட்டுக்கொண்டார்.
ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.
இடது காலை மடக்காமல் நடந்து போனார்.

வீட்டில் பையைக் கவிழ்த்தேன்.
ஒவ்வொரு வாயிலிருந்தும் மணல்.
பெர்லினில் ஏது இவ்வளவு மெல்லிய மணல்,
வடகடலோரம் எங்கோ அவர் விழுந்த மணல்.
தரைவிரிப்பில் ஒரு கைப்பிடி சேர்ந்தது.
பெருக்கலாம், நாளைக்கு.

ஜன்னல் நடுங்குகிறது.
செவ்வாய்க்கிழமை இருபத்தாறு நாட், மேற்கு,
என்கிறது கைபேசி.
பணி இரவில்தானே.
இரண்டரையின் கயிறுகளைப் பிரிக்கிறேன்,
சிவப்பு இடம், நீலம் வலம்.