ஈரக்குலை

ஞாயிறு காலை, முதல் மணிக்கு முன்பே
பொன்னம்மாப்பேட்டை கவுஸ் பாய் கடையில் வரிசை.
"போட்டி ஒரு செட்டு, பாய்."
கொக்கியிலிருந்து மொத்தத்தையும்
ஒரே பிடியில் இறக்குகிறார்:
ஈரல், இதயம், நுரையீரல், கீழே சுருள் சுருளாய்க் குடல்,
ஒன்றையொன்று விடாமல், இன்னும் சூடாக.
கிரேக்கர்கள் இத்தனைக்கும் ஒரே சொல் வைத்திருந்தார்கள்.
ஸ்ப்ளாங்க்னா.
ஏற்பாட்டில் எப்போதும் பன்மையில்தான் வரும்.
பாயிடம் சொல்லவில்லை. பின்னால் ஆள் நிற்கிறார்கள்.

வீட்டில் வெந்நீர், சுண்ணாம்பு.
குச்சியில் கோத்துக் குடலின்
உள்பக்கம் வெளியே வரத் திருப்பும்போது
சொல்லிப் பார்க்கிறேன்.
வாசலிலேயே மூன்று மெய்கள், உயிரில்லாமல்.
உயிரில்லா மெய்யைத் தமிழ் முதலில் விடாது;
ஆனாலும் வெளியே போட்டுவிடுவதும் இல்லை,
ஓர் இகரத்தை முன்னே அனுப்பி
கைத்தாங்கலாய் உள்ளே எடுத்துக்கொள்கிறது:
இஸ்பிலாங்னா.

நாயீன் ஊர் வாசலில், விதவையின் ஒரே மகன்
பாடையில் போவதைக் கண்டபோது
இயேசுவுக்குள் நடந்ததை
லூக்கா இந்த வேரிலிருந்துதான் எழுதினான்.
நம் வேதாகமத்தில் 'மனதுருகி'.
நல்ல சொல்தான், நெய் மணக்கும்.
நம் பெண்கள் மனம் என்றா சொல்கிறார்கள்?
பெத்த வயிறு பத்துது என்பார்கள்.
ஈரக்குலை நடுங்குது என்பார்கள்.
பெயர்த்தவருக்குக் குமட்டியிருக்க வேண்டும்.
சொல்லை அலம்பி
ஒரு முழம் மேலே தூக்கி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை ஏற்காட்டில் பெண்கள் ஐக்கியம்.
பேச வேண்டியவள் நான்.
சூசன்னாள் வருவாள், கடைசி பெஞ்சுக்கு.

அவள் மகன் கிதியோன் சபைக்குள் சீட்டு நடத்தியவன்.
அறுபத்து மூன்று குடும்பம்.
அதில் என் பதினோராயிரமும்.
மாசியில் ஒரு நாள் தன்னை முடித்துக்கொண்டான்.
பெட்டி கோவிலுக்குள் வரலாமா என்று
சேகரக் கமிட்டி கூடியது.
"யூதாசு" என்றார் பொருளாளர், வேறொன்றும் பேசவில்லை.
வேண்டாம் என்றவர்கள் கை தூக்கினோம்.
தூக்கினோம் என்றுதான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

நேற்றிரவு அகராதியில் விரல் ஒரு வரி தவறி இறங்கியது.
அப்போஸ்தலர், முதல் அதிகாரம்:
யூதாசு தலைகீழாய் விழுந்து, வயிறு வெடித்து
மண்ணில் சரிந்தது எதுவோ
அதற்கும் இதே சொல்.
இரக்கத்துக்கும் அதற்கும் வேறு வேறு சொல் இல்லை.
அவனுக்குள்ளும் இருந்திருக்கிறது அது,
கொட்டிக் கிடக்கும்வரை
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
விளக்கை அணைத்தேன். தூக்கம் வரவில்லை.

வியாழன். மலையில் பனி கோவில் ஜன்னல்வரை.
எல்லாம் தாளில் இருந்தது.
கடைசி பெஞ்சில் காப்பித்தோட்டச் சாக்குநூல் ஒட்டிய
பச்சைச் சால்வை.
மனதுருகி என்றே வாசித்து
ஜெபத்தில் முடித்தேன்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலேயே வந்தாள்.
"உங்க பேருக்கு நேரா பதினொண்ணுன்னு
அவன் நோட்டுல எழுதியிருக்கான் டீச்சர்.
மாசம் ஐநூறு குடுத்திடறேன்.
இது மொதல்."

இருபத்திரண்டு மாதம் என்று கணக்குப் போட்டது மனம்.
மனம்தான்.
அதற்கு ஒரு முழம் கீழே
குச்சியில் கோத்த மாதிரி ஏதோ
உள்பக்கம் வெளியே வரத் திரும்பியது.
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் பஸ் வந்துவிட்டது,
அவள் என் விரல்களை மடக்கிவிட்டாள்.

இருபது வளைவுகளில் எட்டாவதோ ஒன்பதாவதோ,
கண்டக்டர் பாலிதீன் பையை நீட்டினார்.
"மலை ஒத்துக்கலையா?"
தலையை மட்டும் ஆட்டினேன்.
பையைப் பிடிக்க
ஒரு கைதான் இருந்தது.