பறவை ஏதும் வளர்த்தறீங்களா

பெருந்துறை ஆஸ்பத்திரி, பதினோராம் கட்டில்.
சென்னியப்பன், நாற்பத்தேழு வயது,
காங்கயம் பக்கம் தேங்காய்க் களத்தில் காவல்.
ஒன்பது நாளாய்க் காய்ச்சல், மண்டை பிளக்கும் வலி,
உடம்பு நூற்று மூன்றில் கொதிக்க
நாடி மட்டும் எழுபதில்,
சந்தைக்குப் போய்த் திரும்பும் மாடுபோல.

எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடியில்
மார்கழி மூட்டம்.
சளியைத் தட்டில் தடவி வைத்தோம்.
இரண்டு நாளாகியும் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை.
உயிரணுவுக்குள்ளேயே குடியிருப்பது
தட்டுக்கு எதற்கு வரப்போகிறது?

"கோழி, புறா, ஏதாச்சும் வளர்த்தறீங்களா?"
"இல்லீங்."
மூன்று தடவை கேட்டேன்.
மூன்றாவது "இல்லீங்"கைச்
சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தூக்குப்போசியோடு வந்த பூவாத்தாள்
லிப்ட் ஓரம் என்னை நிறுத்தினாள்.
"கிளி ஒண்ணு இருந்துச்சுங்.
பாரஸ்ட்காரங்க புடிச்சுக்குவாங்கன்னு
வெளியில மூச்சு உடமாட்டாருங்.
றெக்கைய உப்பிக்கிட்டுக் கண்ணை மூடியே உக்காந்திருந்துச்சு,
பச்சப் பச்சையாப் பேதி.
கடலைய இவரே மென்னு
வாயோட வாய் வெச்சு ஊட்டுனாருங்."

"இப்ப எங்க அது?"

"முந்தாநேத்துப் போயிருச்சுங்.
தென்னமரத்தடியில பொதச்சுட்டேன்.
அவருகிட்டச் சொல்லலீங்."

கூண்டைக் கூட்டாதே, நனைத்துத் துடை,
மூக்கைக் கட்டிக்கொள் என்றேன்.
டாக்ஸிசைக்ளின் எழுதினேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று.
இட்லியை ஒதுக்கிவிட்டு
மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே
மெதுவாகக் கேட்டார்:
"ஏனுங் டாக்டர்,
இதுல காலே கால் வாசி
கிளிக்குக் குடுக்கலாங்களா?"

சுவரைப் பார்த்துச் சொன்னேன்,
"குடுக்கலாங்."