அறுபத்தொன்றாம் குழி

ஆகஸ்ட். புன்டா அரினாஸில்
காற்று ஆளைச் சாய்த்துவிடும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.

யாஸ்னா மிகோவிலோவிச் அதைப் பிடித்துத்தான்
ஆய்வுக்கூடம் வருகிறாள், விடியாத எட்டு மணிக்கு.
நீரிணையின் அக்கரையிலிருந்து படகு வந்துவிட்டது.
குளிர்ப்பெட்டிக்குள் தொண்ணூற்று நான்கு குப்பிகள்,
குப்பிக்கு ஒரு குச்சி.
ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மூக்கின் அடியாழத்தைத்
தொட்டுவிட்டு வந்தது
என்று நம்பவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத்
துளியிலிருந்து எடுத்து
வேறொரு துளிக்கு மாற்றுவதுதான் வேலை.
கை நடுங்கினால் தெரியும்.
மனம் நடுங்கினால் தெரியாது.

கிருமியின் கொழுப்புச் சட்டை கரைகிறது.
உள்ளே இருந்த ஆர்.என்.ஏ.வை
ஒரு நொதி டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதுகிறது.
பிறகு சூடு, தொண்ணூற்றைந்து பாகை: இழைகள் பிரியும்.
அறுபதுக்கு இறங்கும்: சேரும்.
ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்,
கந்துவட்டிக்காரன் கணக்குப்போல.
நாற்பது சுற்று.

தமிழில் ஓர் எழுத்து உண்டு, யாஸ்னாவுக்குத் தெரியாது.
உயிரும் அல்ல, மெய்யும் அல்ல.
தனியே நின்று ஒலிக்காது;
முன்னும் பின்னும் யாராவது வேண்டும்.
இந்தக் கிருமியை நினைக்கும்போதெல்லாம்
எனக்கு அந்த மூன்று புள்ளிதான்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
கடைசி இரண்டு ஊரார் யாருடையதும் அல்ல:
ஒன்றில் கிருமி இருந்தே தீரவேண்டும்,
ஒன்றில் இருக்கவே கூடாது.
மற்ற ஒவ்வொரு குழியிடமும் இரண்டு கேள்வி.
பச்சைக் கோடு கேட்கும்: கிருமி இருக்கிறதா?
மஞ்சள் கேட்கும்: மனிதர் இருக்கிறாரா?

அசட்டுக் கேள்வி என்று தோன்றும்.
இருபத்தைந்தாம் சுற்றுக்குள்
வரிசையாகத் தலைதூக்குகின்றன மஞ்சள் கோடுகள்,
இருக்கிறேன், இருக்கிறேன் என்று.

அறுபத்தொன்று மட்டும்
தரையோடு தரையாக.
கிருமி இல்லையென்று மகிழமுடியாது.
ஆளே இல்லை.

ஓஸ்வால்டோ பாரியா, ஐம்பத்திரண்டு வயது,
நண்டுப் படகு, போர்வெனிர்.

போர்வெனிருக்குப் போன் போட்டாள்.
நர்ஸ் எதெல்வினா எடுத்தாள், ஒன்றும் பேசவில்லை;
கொஞ்ச நேரம் காற்றுதான் பேசியது.
"நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். திரும்பி நின்றார்.
நானும் திரும்பி நின்றுவிட்டேன்.
ஒருவருக்கு வந்தால் படகே பதினான்கு நாள் கரையில்.
ஐந்து வீட்டு அடுப்பு. நண்டுக்கு இதுதானே பருவம்."

"குச்சி காற்றைத்தான் தொட்டிருக்கிறது," என்றாள் யாஸ்னா.
"நம் காற்றில் எதுவும் தங்காது."
திட்டவில்லை. திட்ட நினைத்த சொல்
முகக்கவசத்துக்குள் ஈரமாகிக் கிடந்தது.

அறிக்கையில் எழுதினாள்: செல்லாது.
மாதிரி செல்லாது.
மறுமாதிரி வரும்வரை
படகும் செல்லாது.

இரண்டு நாள் புயல். மூன்றாம் நாள்
அதே பெயரில் புதுக் குப்பி.
இருபத்திரண்டாம் சுற்றிலேயே எழுந்தது மஞ்சள்.
வந்துவிட்டார்.

பச்சை படுத்தே கிடந்தது,
முப்பது, முப்பத்தைந்து.
முப்பத்தேழில் லேசாக முழங்கையூன்றி எழப் பார்த்தது.

வந்துபோனவனின் செருப்புத் தடமா,
இப்போதுதான் வாசலில் நிற்கிறவனா?
இயந்திரத்துக்கு எண்தான் தெரியும், கதை தெரியாது.
மறுபடி வைத்தாள், மூன்று குழிகளில்,
கீழே இரண்டு மேலே ஒன்று.
(ஆமாம், அந்த எழுத்தேதான்.)
கீழ் இரண்டிலும் எழுந்தது. மேலே இல்லை.

விதி சொல்கிறது, மூன்றில் இரண்டு போதும்.

போர்வெனிரில் இந்த முறை போனை எடுத்தவர்
ஓஸ்வால்டோ.
பின்னால் யாரோ கூடைகளை
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம்.
"இருக்கா?" என்றார்.

சொல்லவேண்டியது பச்சையைப் பற்றி.
அவள் கண் ஒரு கணம்
மஞ்சளிலேயே நின்றது.