முழு வாக்கியம்

செப்டம்பர் முதல் ஜனவரி வரை
ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் கிடையாது.
அறிவியலை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.
கணக்குக்கு அரைமணி, கொசுறு மாதிரி.
மீதி நாளெல்லாம் பிரெஞ்சு.

மதாம் கீப்பிங் எங்கள் குடாவிலேயே பிறந்தவர்,
பனி தள்ளும் வண்டி ஓட்டுபவரின் மகள்.
ஆனாலும் அந்த ஐந்து மாதம்
ஆங்கிலம் என்றால் காது மந்தமாகிவிடும் அவருக்கு.
கடையில் என்னைப் பார்த்ததும் ஒருமுறை
மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

உதட்டைக் குவி, விசிலடிப்பதுபோல.
குவித்தபடியே 'இ' சொல்.
பதினாலு பேர் குவித்தோம்,
படகின் அடியில் பதினாலு காட் மீன்கள்.

இலக்கணம் இல்லை. சொல்பட்டியல் இல்லை.
முழு வாக்கியமாகச் சொல், அது ஒன்றுதான் சட்டம்.
எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள்.
என் பூட்ஸ் ஈரமாக இருக்கிறது.
எனக்குப் பசியாக இருக்கிறது.
எல்லாம் இருக்கிறது, இருக்கிறது.
'இருந்தது' இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை
எண்ணெய் லாரி பின்னால் வந்தபோது
லியாண்டர் வீட்டு கேப்ளின்,
சின்ன மீனின் பெயர் வைத்த பெரிய நாய்,
சக்கரத்தைப் பார்க்கவில்லை.
ஊருக்கே தெரியும்.
திங்கட்கிழமைக் கேள்வியோ
வெள்ளிக்கிழமையே சுவரில் ஏறியிருந்தது:
உன் வீட்டில் என்ன பிராணி இருக்கிறது?

மதாம் அவனைத் தாண்டிப் போகப் பார்த்தார்.
அவனே எழுந்தான்.
என்னிடம் ஒரு நாய் இருக்கிறது.
மோன் ஷியன் ஏ நுவார்.
என் நாய் கறுப்பு.

என்ன சாப்பிடுகிறது உன் நாய்?
மதாமின் குரல் கொஞ்சம் பிந்தி வந்தது.
என் நாய் காலுறை சாப்பிடுகிறது.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு கெசியா சிரித்தாள். அவனும்.

நவம்பர் முழுக்க அந்த நாய் எங்கள் வகுப்பில் திரிந்தது.
படகில் ஏறுகிறது. பனியைக் கடிக்கிறது.
தபால்காரரை வெறுக்கிறது.
கிறிஸ்துமஸ் அட்டையில் அவன் பெயருக்குக் கீழே
மசியில் ஒரு பாதம்.

ஜனவரி நடுவில் வந்து சேர்ந்தது இறந்தகாலம்.
நேற்று நான் சறுக்கினேன்.
நேற்று என் அக்கா கதவை அறைந்தாள்.
லியாண்டரின் முறை.
அட்லாண்டிக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
என்னிடம் ஒரு நாய் இருந்தது.

மதாமின் வாயிலிருந்து
ஐந்து மாதத்தில் முதல்முறையாக
ஆங்கிலத்தில் ஒரு சொல் தவறி விழுந்தது,
கண்ணே என்பதற்கு எங்கள் கரையில் சொல்வது.
அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.
முழு வாக்கியம், மதாம், என்றான்.
பிரெஞ்சில்தான்.

பிப்ரவரியில் ஆங்கிலம் திரும்பியது,
பூட்டிய அறிவியலும்.
ஆங்கிலத்தில் லியாண்டர்
கேப்ளினைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

தெளிந்த இரவுகளில்
கடலுக்கு அப்பால் சேன்-பியேர் விளக்குகள் தெரியும்.
அவன் அப்பாவின் வண்டியில் உட்கார்ந்து
அந்தக் கரையின் வானொலியைத் திருகுவோம்.
காற்று வடமேற்கு. அலை மூன்று மீட்டர்.
அதற்குமேல் ஏதோ, வேகமாக.
பாதி புரியும்.
பாட்டரி தீர்ந்துவிடும் என்று
அவன் அப்பா வந்து
கண்ணாடியைத் தட்டும்வரை.