ஊசிப் பதிவேடு

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால்
மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கவேண்டும்.
சூப்பர்வைசர் காந்தத்தோடு வருவார்.
முனை, நடு, காம்பு
எல்லாத் துண்டும் கிடைத்து
பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான்
புது ஊசி.
ஒரு துண்டு குறைந்தாலும்
அன்றைய கட்டு முழுக்கப் பிரித்து உதறுவோம்.
எந்தத் தேசத்திலோ எந்தக் குழந்தையோ
சட்டையை மாட்டும்போது குத்திவிடக்கூடாதாம்.

உடையாவிட்டாலும் ஷிப்டுக்கு ஒன்று மாற்றுவார்கள்.
மழுங்கிய ஊசி துணியில் இழை இழுக்கும்.
கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரியும்,
ஓட்டத்தில் ஒரு சின்னக் கரகரப்பு.
பதினேழு வருசம். எனக்குத் தெரியாத ஊசியா?

மேனாம்பேட்டில், என் வீட்டில்,
வேறு சட்டம்.

மருந்துக் குப்பி ஈ.எஸ்.ஐ.யில் கொடுத்தார்கள்.
ஊசி இருப்பில்லை, வெளியே வாங்கிக்கோ.
காலையில் ஒன்று ராத்திரி ஒன்று
ஒன்று பத்து ரூபாய்.
ஒருமுறை மட்டும் என்று உறையில் அச்சடித்திருந்தது.
உறையில் எழுதியதையெல்லாம் கேட்டா
குடித்தனம் நடத்துகிறோம்?
சிவப்பு மூடி போட்ட ஒரே ஊசி
எனக்கு ஒரு வாரம் வந்தது. பிறகு பத்து நாள்.
காலண்டரில் கோடு போட்டுவைத்தேன்
பால் கணக்கு மாதிரி.

முதல் நாள் எறும்பு.
நாலாம் நாள் முள்.
ஏழாம் நாள் தோல் முதலில் குழியும்,
யோசிக்கும்,
அப்புறம்தான் வழிவிடும்.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத் துடைக்க
எண்கள் அழிந்தன. முதலில் பத்து, பிறகு இருபது.
கடைசியில் கோடுகளும்.
கைக்கணக்கில் இழுத்தேன்.
காலர் மடிக்க ஸ்கேல் கேட்காத கை இது.

அந்த வெள்ளிக்கிழமை
பதினாறுக்கு இருபத்தாறு இழுத்திருக்கிறது அதே கை.
பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில்
திருவள்ளூர் லோக்கல் இரண்டாக வந்தது.
ஜாக்கெட் முழுக்கத் தெப்பல்.
யாரோ ஒருத்தி தன் பிள்ளையின் ஜூஸைப் பிடுங்கி
என் வாயில் பீய்ச்சியிருக்கிறாள்.
அந்தப் பிள்ளை அழுத சத்தத்தில்தான் திரும்பி வந்தேன்.

நர்ஸ் ஜெபக்கனி என் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.
தொப்புளுக்கு இடப்பக்கம் எலுமிச்சை அளவில் கட்டி.
"வலிக்கலைன்னு இங்கேயே போட்டீங்களா?"
ஆமாம்.
"மருந்து இதுக்குள்ள போய்ப் படுத்துக்கும்.
அதுக்கா தோணினா எழுந்து வரும்."
என் பையிலிருந்த ஊசியை வாங்கி
போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினார்.
முனை தூண்டில்போல் வளைந்து,
இல்லை, தூண்டிலை நான் பார்த்ததில்லை,
இழை இழுக்கும் ஊசிபோல் வளைந்து.
காடாத் துணியில்கூட நான் இதை ஓட்டமாட்டேன்.
வெட்கமாக இருந்தது.

"பழைய ஊசியெல்லாம் எங்கே போடறீங்க?"

போன மாசம் குப்பை வண்டி குணவதி
கட்டைவிரலில் துணி சுற்றி வந்தாள்.
யார் வீட்டுக் கவர் என்று தெரியவில்லையாம்.
மூன்று தடவை ரத்தம் எடுப்பார்களாம்,
மஞ்சக்காமாலை வரைக்கும் பார்ப்பார்களாம்,
அதுவரை பிள்ளைக்குச் சோறு ஊட்டவே பயமாயிருக்கிறதாம்.
அடப்பாவிகளா என்று
நானும் அவளோடு சேர்ந்து திட்டினேன்.

இன்று புது ஊசி, வலப்பக்கம்.
சுருக்கென்றுகூட இல்லை.
காலி பினாயில் கேனுக்குள் போட்டு மூடியைத் திருகினேன்.
நிறைந்ததும் ஜெபக்கனியிடம் கொண்டுபோகவேண்டும்.

காலை ஆறரைக்கு விசில் சத்தம்.
பேட்டரி வண்டி தெருமுனை திரும்புகிறது.
குணவதிக்குக் கடைசிப் பரிசோதனை பங்குனியில்.

தொலைந்த துண்டு யாருடையதென்று
எனக்குத் தெரியும்.
மெஷினை நிறுத்திவிட்டு
கையைத் தூக்கவேண்டும்.
கை
கேனின் மூடியை
இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறது.