கடைசியில் காயும் கோடு

திங்கள் முதல் சனி வரை
ஜெகதேவி சாலை கிரானைட் யார்டில்
கல்லுக்குக் குறி போடுவது என் வேலை.
குவாரியிலிருந்து வந்திறங்கும் பாளத்தின் மேல்
ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு
ஒரு பீடி முடியும்வரை காத்திருப்பேன்.
முகம் முழுக்கக் காய்ந்த பிறகும்
மயிரிழையாய் ஒன்று கறுத்து நின்றால்
அதுதான் விரிசல்.
சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி.
கப்பலேறாது.
யாராவது வேலிக்கல்லுக்குக் கேட்பார்கள்.

ஞாயிறு விடியுமுன்
ராயக்கோட்டை தாண்டி இறங்கினோம்.
கிரேன் ஓட்டும் சம்பங்கி,
அரசு மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும் தஸ்லீமா,
நான்,
நாற்பது மீட்டர் கயிறு,
அவித்த கடலை இரண்டு படி.
எதிரே கோழிக்கொண்டை:
ஐந்து மொட்டை முகடுகள்,
சண்டையில் கிழிந்த சேவல் கொண்டை போல
ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல்.

பழக்கம் விடுமா?
முதல் முகட்டைப் பார்த்ததும்
நீளம் அகலம் உயரம் என்று மனம் பெருக்கியது.
கழிவு போக எத்தனை கனமீட்டர் தேறும், என்றான் சம்பங்கி.
லாரி வர வழியில்லை,
அதனால்தான் இன்னும் மலையாக இருக்கிறது, என்றேன்.
தஸ்லீமா சிரிக்கவில்லை.
ஷூ நாடாவுக்கு இரண்டாவது முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முதலாவதில் உன்னிமுள் சட்டையைக் கிழித்தது.
இரண்டாவதின் வயிற்றுக்கடியில்
மலைத்தேனீ அடை, முறம் முறமாக.
மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நகர்ந்தோம்.
மூன்றாவதில் சம்பங்கியின் முழங்கால்
'நான் வரல, நீங்க போங்க' என்றது.
கடலையை அவனிடம் விட்டோம்.
திரும்பி வரும்போது இருக்காது என்று தெரிந்தே விட்டோம்.

நான்காவதில் மழை.
மழைகூட இல்லை, ஒரு பத்து நிமிடத் தூறல்.
பாறைக்கு அது போதும்.
எனக்கு மேலே, எட்டடி உயரத்தில்
தஸ்லீமாவின் வலது கால்
தையல் மிஷின் போல அடிக்கத் தொடங்கியது.
எந்தக் கிழட்டுக் கையிலும் நரம்பைத் தொட்டுக் கண்டுபிடிக்கும் விரல்கள்
இந்தக் கல்லில் ஒன்றும் தட்டுப்படாமல் தடவின.
பிடி இல்ல, என்றாள்.
கத்தவில்லை.
'கைய மடக்குங்க' என்று சொல்லும் அதே குரல்.

கயிறு என் இடுப்பைச் சுற்றி இருந்தது.
நான் எதைச் சுற்றி இருந்தேன்?
ஒரு காட்டு ஆலம் வேர்.
அதன் உறுதி எத்தனை என்று
எந்த ரசீதிலும் இல்லை.

அப்போது வெயில் வந்தது.
பாறை ஆவி விட்டது. திட்டுத் திட்டாக வெளுத்தது.
அசையாதே, காயட்டும், என்றேன்.
காத்திருந்தேன், பீடி இல்லாமல்.
எல்லாம் காய்ந்தது.
ஒன்று மட்டும் காயவில்லை.

இடது முழங்காலுக்கு மேலே,
ஒரு சாண் தள்ளி, கறுப்பாய்,
சாய்வாய், மேலே மேலே போகிறது பார்.
தண்ணீரைக் கடைசிவரை விடாத
என் தொழில் எதிரி.

அவள் விரல்கள்
இரண்டாவது கணுவரை உள்ளே போயின.
கால் அடிப்பது நின்றது.

உச்சியில் பேசிக்கொள்ளவில்லை.
தூரத்தில் அணையின் தண்ணீர் ஒரு கீற்று.
அதற்கும் இப்பால்
பல் பிடுங்கிய ஈறு மாதிரி வெள்ளைக் குழிகள்.
அதில் எது எங்கள் குவாரி என்று தேடி
நான் விரல் நீட்டுவதற்குள்
அவள் வேறு பக்கம் திரும்பி
சிராய்த்த முழங்கைக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள்.
ஐந்தாவதுக்குக் கயிறு போதாது.
அது அங்கேயே நின்றது.

திங்கள்.
ஒன்பதே காலுக்கு முதல் பாளம்.
தண்ணீர் ஊற்றினேன். காய்ந்தது.
மேல் மூலையிலிருந்து ஒரு கோடு.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு
ஆள்காட்டி விரலை அதில் நுழைத்துப் பார்த்தேன்.
நகம்கூட ஏறவில்லை.
என்னய்யா, கல்லுக்கு நாடி பாக்குற?
ஜீப்பிலிருந்து மேனேஜர்.

போட்டேன், பெருக்கல் குறி.
பெயின்ட் கொஞ்சம் வழிந்து
அந்தக் கோட்டுக்குள் இறங்கி
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
காணாமல் போனது.