பாக்கி ஆட்டம்

இரண்டாம் பாகம் வருகிறதாம்.
தீபாவளிக்கு என்றார்கள், பிறகு பொங்கலுக்கு,
இப்போது ‘தயாரானதும்’ என்கிறார்கள்,
மெட்ரோ தோண்டும் தெருவில்
தகரத் தடுப்பில் எழுதியிருப்பதைப் போல.

டிரெய்லரில் கடல் இருக்கிறது.
டிராகன் இருக்கிறது, அதன் செதிலில்
மழை சொட்டுச் சொட்டாகத் தெறிக்கிறது.
ஆளோடு ஆள் மோதும் களம் மட்டும்
ஒரு நொடி: ஒரு வாசல், உள்ளே இருட்டு.
கொளத்தூர் லேபில் ரத்தக் குழாய்கள்
சுழன்று முடிவதற்குள்
அந்த ஒரு நொடியை நாற்பது தடவை
நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன்.
வாசலுக்கு மேலே தெரிவது ரேங்க் பலகையா,
வெறும் சுவர்ச் சித்திரமா?

எங்கள் குழுவில் ஆளுக்கொரு ஜோசியம்.
“எல்லாருக்கும் ஒரே வாள், ஒரே கவசம்,
கை மட்டும்தான் பேசும்” என்கிறான் தௌஃபீக்.
“காசுதான் பேசும். போன பாகத்துல பாக்கலையா?”
என்கிறாள் ஹெப்சிபா.
சர்வர் மும்பையா சிங்கப்பூரா என்று
தனியாக ஒரு சண்டை ஓடுகிறது.
கடலுக்கடியில் வந்த கம்பி
சாந்தோமில் கம்பீரமாகத்தான் கரையேறுகிறது.
வியாசர்பாடிக்கு வருவதற்குள்
எத்தனை மொட்டைமாடிகளில்
ஈரத் துணியோடு சேர்ந்து தொங்குகிறது!
நான் அடித்த அடி அங்கே போய்ச் சேர
தொண்ணூறு மில்லிசெகண்ட்.
சாவதற்குப் போதுமான நேரம்.
செத்தது தெரியவர
இன்னொரு தொண்ணூறு.

என் கவலை வேறு.

ஈயச்சட்டி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன்,
ஆறு வருஷ எதிரி.
ராயபுரமாக இருக்கலாம்:
ஒருமுறை மைக்கில் சர்ச் மணி கேட்டது,
அது ஓய்வதற்குள் மீன்பாடி வண்டியின் ஹாரன்.
அவன் இருநூற்றுப் பன்னிரண்டு,
நான் நூற்றுத் தொண்ணூற்றேழு.
கிழித்த காலண்டர் தாளின் முதுகில் குறித்து வைத்திருக்கிறேன்.
இந்தக் கணக்கையெல்லாம் கேம் வைத்துக்கொள்வதில்லை.

போன டிசம்பர், புயல் ராத்திரி.
அவனுக்குப் பத்தில் ஒரு பங்கு உயிர்,
எனக்கு அதில் பாதி.
கோலை ஓங்கினேன், கரண்ட் போனது.
மோடம் கண் மூடியது, தெருவே மூடியது.
போனில் நெட் பிடித்து
எட்டு சதவீத லேப்டாப்பில்
மறுபடி உள்ளே நுழைய பதினோரு நிமிஷம்.
பாலத்தின் நடுவில் என் உருவம்
ஓங்கிய கோலோடு அப்படியே நின்றது.
பக்கத்தில் அவன்.
வாள் உறையில்.
போகிற வருகிறவர்கள் என்னை அடித்துவிடாதபடி
எனக்கு முதுகைக் காட்டிக் காவல் நின்றான்.
“வந்துட்டியா? தூக்கு கோலை” என்று எழுதினான்.
தூக்கினேன். தோற்றேன்.
அதுதான் இருநூற்றுப் பன்னிரண்டாவது.

இரண்டாம் பாகத்தில்
இணைப்பு அறுந்தால் முப்பது நொடி,
அதற்குமேல் தோல்வி என்று பேச்சு.
நியாயம்தான்.
தோற்கப் போகிறவர்கள் வயரைப் பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.
ஒருமுறை, ஒரே ஒருமுறை, பிடுங்கியும் இருக்கிறேன்.
ரேங்க் வேண்டும், சீசன் வேண்டும்,
பெயருக்குப் பக்கத்தில் வெள்ளியாவது மின்ன வேண்டும்.
வரிசையே வேண்டாம் என்று சொல்ல நான் யார்?
வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குக்
காலை ஆறு மணிக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பவள்.
ஆனாலும் முப்பது நொடி என்பது
எங்கள் வீட்டு இன்வெர்ட்டர்
‘கிர்’ரென்று யோசித்துப் பார்க்கிற நேரம்.
காவல் நிற்பவனுக்கு
எந்தப் பலகையில் எத்தனை புள்ளி?

நேற்றிரவு கேட்டேன்:
“ரெண்டாம் பாகத்துக்கு வர்றியா?”
“சண்டை இருந்தா வர்றேன்.”
“இல்லன்னா?”
தட்டச்சு செய்கிறான், நிறுத்துகிறான்,
மறுபடி செய்கிறான்.
“உனக்கு இன்னும் பதினஞ்சு பாக்கி இருக்கே.”

அவனும் எண்ணிக்கொண்டிருக்கிறான்!

“ஒரே ஒரு ஆட்டம்தான்,
காலைல கடை தொறக்கணும்” என்றான்.
மின்விசிறி சுற்றுகிறது, மோடத்தில் பச்சை.
பாலத்துக்குப் போனேன்.